அப்பா அட்டை வைத்த வளைவு

எங்கள் வீட்டில் ரயில் கவிழ்ந்த கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு அது பழைய கதை. கல்யாணப் பந்தியிலும் கருமாதி வீட்டு நாற்காலியிலும் என் தம்பி அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறான். "அக்கா போட்ட லைன்ல ரயிலு போய் முறுக்குத் தட்டுல விழுந்துச்சுலா" என்று அவன் தொடங்கும்போதே பாதிப் பேர் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நானும் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்கப் போவதில்லை. இந்த வயதில் ஒரு பொம்மை ரயிலுக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பகுதி மண்டோர், அதாவது மேஸ்திரி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு லைன் நெடுகப் போய், வளைவுகளில் தண்டவாளம் நகர்ந்திருந்தால் கடப்பாரை போட்டு நெம்பிச் சரிப்படுத்துவது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும்போதெல்லாம் எங்கள் வீடு அதிரும், சுவரில் மாட்டிய படங்கள் சாயும். சட்டையைக் கழற்றுவதற்கு முன் அவற்றை நிமிர்த்தி வைப்பார். அம்மா போட்ட கோலத்தில் ஒரு கோடு கோணியிருந்தாலும் நின்று பார்ப்பார். அதிகம் பேச மாட்டார். பேசிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் வேலை முடிந்து சொந்த ஊருக்குக் கிளம்பினார். சாமான்களை லோரியில் ஏற்றிவிட அப்பாவும் ஆட்களும் போனார்கள். இன்ஜினியரின் மனைவி ஒரு மரப்பெட்டியை அப்பா கையில் கொடுத்து, உன் பிள்ளைகளுக்கு என்று சொன்னாராம். பிள்ளைகளுக்கு. மகனுக்கு என்று சொல்லவில்லை. இதை அப்பாவே அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் மெஷின் எண்ணெய் வாடையும் பழைய காகித வாடையும் கலந்து வந்தன. உள்ளே பச்சை நிற இன்ஜின், ஜன்னலுக்கு ஜன்னல் குட்டித் திரை வரைந்த நீளமான கோச்சுகள், சிவப்புத் திருகு வைத்த கறுப்பு மின்சாரப் பெட்டி. அடியில் துண்டு துண்டாகத் தண்டவாளம். நேரான துண்டுகள் நிறைய இருந்தன. வளைந்த துண்டுகள் இரண்டு ரகம்: ஒன்று அகலமாக வளைவது, இன்னொன்று இறுக்கி வளைவது. இந்த இரண்டு ரகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வழக்கே அதில்தான் இருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆனால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், வெளியே ஒன்றும் விளையாட முடியாது. அப்பா அகல வளைவுகளை வைத்து ஹால் முழுக்க ஒரு லைன் போட்டார். விளக்கு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்துச் சிவப்புத் திருகைத் திருப்பினார். ரயில் ஓடியது. அதே நேரம் அம்மா சோற்றுப் பானையோடு சமையல்கட்டிலிருந்து வந்து அதைத் தாண்டப் போய், விழப் பார்த்தார். போதாக்குறைக்கு லைன் சாமி மேடைக்கு முன்னால் குறுக்கே போனது. விளக்கு வைக்கிற இடத்தில் கால் வைக்க இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து சித்தப்பா வந்தார். அவருக்கு அங்கே மளிகைக் கடை, மேலே பெரிய வீடு, என் தம்பி வயதில் ஒரு மகன். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தார்.

"அண்ணே, இங்க எங்கண்ணே இடம்? எங்க ஹால்ல போட்டா ஜம்முனு ஓடும். பையனும் ஆசைப்படுறான்."

அப்பா லைனையும் சாமி மேடையையும் பார்த்தார். "தீபாவளிக்குக் குடும்பத்தோட பசியாற வா. அதுக்குள்ள யாரு காலுலயும் படாம இங்க ஒழுங்கா ஓடினா இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி நீ எடுத்துட்டுப் போயிரு."

பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், நீயே போட்டுப் பாரு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தம்பிக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. மறுநாள் சாயங்காலமே அவனுக்கு அது சலித்துவிட்டது. லோங்காங்கில் சண்டை மீன் பிடிக்கப் போய்விட்டான். சாக்கடைத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நிற்பது அவனுக்கு ரயிலைவிடப் பெரிய விஷயம். அவனைக் குறை சொல்லவில்லை, சின்னப் பையன். ஆனால் வேலையை அவனிடம் ஒப்படைத்தவர் பெரியவர்.

ஆக, நான் போட்டேன்.

ஹாலில் ஒரே ஒரு இடம் யாருக்கும் தேவைப்படாமல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, அலமாரிக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவில். அகல வளைவை வைத்துப் பார்த்தேன். சுவரில் இடித்தது. இறுக்கு வளைவுகளை வைத்தேன். அவை இரண்டு பக்கத்துக்கும் போதவில்லை. ஒரு பக்கம் முழுக்க இறுக்கு வளைவாக வைத்து, மறுபக்கத்தை மிச்சத் துண்டுகளால் எப்படியோ சேர்த்தாலும், நேர்க்கோட்டிலிருந்து திடீரென்று திரும்பும் இடத்தில் நீளமான கோச்சுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கொக்கி கழன்றுவிடும். இன்ஜின் மட்டும் தனியாக ஒரு சுற்று வந்து, விட்டுவிட்டு வந்த கோச்சுகளைப் பின்னாலிருந்து இடிக்கும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

ஒருநாள் மழை விட்டதும் மீ நூடுல்ஸ் விற்கிற சீனர் எங்கள் வீட்டு வரிசையின் முனையில் மூன்று சக்கர வண்டியைத் திருப்பினார். ஒரு பக்கம் லோங்காங், மறுபக்கம் வேலி. அவர் தூரத்திலேயே லேசாகத் திரும்பத் தொடங்கி, நடுவில் நன்றாக ஒடித்து, முடியும்போது மறுபடி லேசாக விட்டார். குழம்புச் சட்டியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் வீட்டுக்குள் ஓடினேன். தொடங்க ஒரு அகலத் துண்டு, நடுவில் இறுக்கு, முடிக்க ஒரு அகலத் துண்டு. இரண்டு பக்கமும் அப்படியே. சுவரில் இடிக்கவில்லை, துண்டுகளும் போதுமானதாக இருந்தன.

ஆனால் கோச்சு வளைவில் திரும்பும்போது அதன் முனை வெளியே எட்டிப் பார்க்கும், வயிறு உள்ளே தள்ளும். அது எங்கே உரசும் என்று தெரிய வேண்டுமே. அம்மாவின் தையல் சாக்குக்கட்டியில் ஒரு துணுக்கை உடைத்து, கோச்சின் மூலையில் தரையைத் தொடும்படி நூலால் கட்டி, கையால் மெதுவாகத் தள்ளினேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு விழுந்தது. சுவர்ப் பக்கம் ஒரு விரல் இடம் மிச்சம். மறுபக்கம் கோடு நேராகத் தையல் மெஷின் காலுக்குள் போனது.

அம்மா மெஷினில்தான் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அவர் எழுந்திருப்பதே அபூர்வம். வரிசையில் பாதிப் பேருடைய பாவாடை சட்டையும் அவர் காலடியில்தான் கிடக்கும். பெடலை நிறுத்திவிட்டுக் கோட்டைப் பார்த்தார்.

"எவ்வளவு நகத்தணும்?"

"ஒரு சாண் போதும்மா."

"ஒரு சாணா? வெளிச்சம் முதுகுப் பக்கம் வந்துரும்டி."

"அப்ப வேணாம்மா."

துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "அந்தப் பக்கம் பிடி" என்றார். இரும்பு மெஷின், கனமென்றால் கனம். நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, தன் நிழல் விழுந்த துணியைக் குனிந்து பார்த்துத் தைத்தார். என் ரயிலுக்காக ஒரு பெரியவர் செய்த ஒரே காரியம் அதுதான். இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் அந்தக் குனிந்த கழுத்துத்தான் ஞாபகம் வருகிறது.

அன்று ரயில் ஓடியது. நிற்காமல் ஓடியது. இன்ஜின் சூடாகி, தூசி கருகும் ஒரு வாடை வரும், எனக்கு அது பிடிக்கும். வளைவுக்குள் நுழையும்போது கோச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக லேசாகத் தலையைத் திருப்பி, நடுவில் வளைந்து, அலுங்காமல் வெளியே வரும். அம்மாவின் பெடல் சத்தமும் ரயில் சத்தமும் கலந்து கேட்கும். தீபாவளிவரைக்கும் தினமும் ஓட்டினேன். ஒருமுறைகூடத் தடம் புரளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லைனில் நோட்டம் விடுவதுபோலத் தண்டவாளத்தை ஓரமாகப் பார்த்தார்.

"ரெண்டு வளைவக் கலந்து போட்டிருக்க. கோணலா இருக்கு."

"ஓடுதுப்பா. பாருங்க."

"ஓடுறது பெரிசில்ல. லைன் லைனா இருக்கணும்."

ஓடுவதற்குத்தானே லைன்? ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத் தோன்றிய இந்தக் கேள்வியை அப்போது கேட்கத் துணிச்சல் வரவில்லை.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு சமையல்கட்டில் அம்மாவுக்கு இட்லித் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அப்பா குனிந்து ஏதோ செய்வது தெரிந்தது. ரயில்மேல் அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு ஏமாளி பாருங்கள்.

அவர் செய்தது இது. நிஜ ரயில் வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் வளைவில் வெளித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போடுவார்கள். அப்பாவின் வாழ்க்கையே அந்த உயரத்தைச் சரிபார்ப்பதில்தான் கழிந்தது. என் வளைவு தரையோடு தரையாகக் கிடப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி மடித்து, வெளித் தண்டவாளத்துக்கு அடியில் செருகிவிட்டார். பொம்மை ரயிலுக்கு வேகமும் கிடையாது, கனமும் கிடையாது. ஒரு பக்கம் தூக்கி வைத்தால் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் கோச்சு உள்பக்கம் சாய்ந்துவிடும். போதாததற்கு அட்டை செருகிய இடத்தில் இரண்டு துண்டுகள் சேரும் மூட்டு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. லைனில் வேலை செய்யாத எந்த அப்பாவும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். பக்கத்து வீட்டார்களும் வந்தார்கள். எல்லாரும் பசியாறினார்கள். அப்பா எழுந்து, "சரி, ரயில ஓட்டிக் காட்டுவோம்" என்றார். நான் திருகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ தள்ளு. தம்பி திருப்பட்டும்."

தள்ளினேன். தம்பி திருப்பினான். நேர்க்கோட்டில் ரயில் அழகாக வந்தது. வளைவில் ஏறியதும் நடுக் கோச்சு தயங்கியது, உள்பக்கம் சாய்ந்தது, முன்னும் பின்னும் உள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. வளைவுக்கு நடுவே யாரோ இறக்கி வைத்திருந்த முறுக்குத் தட்டில் போய் விழுந்தது. வீடே சிரித்தது. சித்தப்பா மகன் கை தட்டினான்.

கோச்சை எடுக்கக் குனிந்தபோதுதான் தண்டவாளத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தேன்.

"யாரு இத வச்சது?"

"நான்தான் வச்சேன்" என்றார் அப்பா, கொஞ்சமும் தயங்காமல். "முட்டுக் கொடுத்தும் நிக்கலியே. உன் வளைவு லட்சணம் அப்படி."

"அட்டையாலதாம்பா விழுந்துச்சு! எடுத்துட்டு ஓட்டுங்க, ஓடும்!"

"அப்பாவுக்கு லைன் சொல்லித் தரியா?" என்றார் சித்தப்பா சிரித்துக்கொண்டே. மறுபடி எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அட்டையை உருவக் கை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். "போதும். இங்க இடம் பத்தாதுன்னு தெரிஞ்சு போச்சு. நீ எடுத்துட்டுப் போப்பா" என்று தம்பியிடம், அதாவது அவருடைய தம்பியிடம், சொல்லிவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை, வாயைத் திறக்காதே என்றது. கையில் பலகாரத் தட்டைத் திணித்து வரிசை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். தட்டின்மேல் மூடிய துணியில் என் கண்ணீர் சொட்டியது. பக்கத்து சீன வீட்டு ஆன்டி, பட்டாசுப் புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து ஈரத்துணி கொடுத்தார். நான் வீடு திரும்பியபோது ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை. வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. பெட்டி சித்தப்பாவின் காரில் ஏறிவிட்டது.

பொங்கலுக்குக் கிள்ளான் போனபோது இன்ஜின் உடைந்து கிடந்தது. என் அகல வளைவுத் துண்டு ஒன்றை நாய்க்கூண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரிய ஹால், நிறைய இடம்!

இதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் முடிந்து, அறிவியல் பிரிவா கலைப் பிரிவா என்று பிரிக்கும் நேரம் வந்தது. என் கணக்கு டீச்சர், அவரும் சீனப் பெண்மணி, அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார். உங்கள் மகளை அறிவியலில் விடுங்கள், நன்றாக வருவாள் என்றார். அப்பா என் தலைக்கு மேலே டீச்சரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "திஸ் கேர்ள், மெஷர்மென்ட் நோ குட், டீச்சர்." பிறகு ரயில் கவிழ்ந்த கதையைக் கையால் சாய்த்துக் காட்டினார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் கலைப் பிரிவுக்குப் போனேன். டைப்ரைட்டிங் படித்தேன். நில அளவைக்காரர்கள் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சடக்குகளுக்கு யாரோ வரைந்த சாலை வளைவுகளை நகல் எடுத்து, மடித்து, உறையில் போட்டு அனுப்புவது என் வேலை. என் பென்சில் அந்தத் தாள்களில் ஒரு கோடுகூட இழுத்ததில்லை.

அப்பா தெரியாமல் செய்தார், அவருக்குத் தெரிந்தது பெரிய லைன், அதை வைத்து என்னை எடை போட்டுவிட்டார் என்று வயதான பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்தபோது மனதார அழுதேன்.

போன தீபாவளிக்குக் காஜாங்கில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மருமகன் புதுசு. தம்பி சாப்பாட்டு மேசையில் கதையைத் தொடங்கினான். "அக்கா போட்ட லைன்ல..."

"நிறுத்துடா" என்றேன். காப்பிக் கோப்பை தட்டில் மோதியது. "அப்பா வச்ச அட்டையச் சொல்லு. அதச் சொல்லாம என்னடா கதை?"

மருமகன் முறுக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து செருப்பு மாட்டினேன். தம்பி பின்னாலேயே வந்தான். அவனுக்கும் இப்போது முழங்கால் வலி, வாசற்படியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"அக்கா, கோவிச்சுக்காத. ஒன்னு சொல்றேன். அன்னிக்கு நீ பலகாரம் குடுக்கப் போனல்ல? சித்தப்பாவும் அவங்களும் பக்கத்து வரிசையில யாரையோ பாக்கப் போயிட்டாங்க. அப்பா லைனைக் கழட்டறதுக்கு உக்காந்தாரு. அட்டைய எல்லாம் உருவிட்டு, ஒரு தடவ ஓட்டிப் பாத்தாருக்கா."

கேட்டுப் பக்கம் அடி வைத்தவள் திரும்பினேன்.

"ஓடுச்சு. நல்லா ஓடுச்சு. நிப்பாட்டாம ரொம்ப நேரம் ஓட விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் முறுக்கு தின்னுக்கிட்டு நின்னேன். அப்புறம் கழட்டிப் பெட்டியில வச்சுட்டாரு."

"ஏண்டா அப்ப சொல்லல?"

"அக்காகிட்ட சொல்லாதன்னாரு. சித்தப்பாகிட்ட எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொல்லிட்டாரேக்கா. எப்படி மாத்துவாரு?"

"அது போகட்டும். ரயிலு போகட்டும்டா. அதுக்கப்புறம் டீச்சர்கிட்ட வந்து எனக்கு அளவு வராதுன்னு ஏண்டா சொன்னாரு?"

தம்பிக்கு டீச்சர் விஷயமே தெரியாது. யார் டீச்சர் என்று கேட்டான். நான் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

அப்பா பழைய காலத்து மனுஷன், அவருடைய மனதில் எவ்வளவோ இருந்திருக்கும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம். தெரியாமல் சொன்னார் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் அவரை மன்னித்து வைத்திருந்தேன். அவர் தெரிந்தே சொல்லியிருக்கிறார்.